அழைப்புமணியில் பாதிப் பெயர்

நான் இப்போது குடியிருக்கும் ஜெர்மனிச் சிற்றூரில் கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே இருக்கும் வீடுகளுக்குக் கிடையாது. வாசலில் அழைப்புமணிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர். தபால்காரர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் மணியடிப்பார். பெயர் இல்லையென்றால் அங்கே ஆளே இல்லை என்று கணக்கு. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு, இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். எனக்கு அது பெரிய விஷயம். நான் பெயரை மறைத்து வாடகை வீடு பிடித்துப் பழகியவள்.

என் பெயர் லூர்துமேரி. பிறந்தது கடலூருக்குத் தெற்கே குடிகாடு. வீட்டுக்காரர் பெயர் சகாயராஜ். கல்யாணமான கையோடு அவருக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்தது. தனிக்குடித்தனம் போகிறோம் என்ற சந்தோஷத்தில் தெருத்தெருவாக வீடு தேடினோம். முதலில் எந்த ஊர் என்பார்கள். அடுத்து எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னதும் முகம் மாறிவிடும். "அடடா, நேத்துதாம்மா அட்வான்ஸ் வாங்கினோம்." அடுத்த வாரம் போனாலும் 'டு-லெட்' பலகை அங்கேயே தொங்கும். கடைசியில் ஒரு வீட்டுத் தரகர்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். "சார், நீங்க வெறும் ராஜ்னு சொல்லுங்க. அக்கா, நீங்க வாயே தொறக்காதீங்க. ஊரு கேட்டா திருப்பாதிரிப்புலியூர்னு சொல்லிடுங்க. கோயில் இருக்கிற ஊரு, அதுக்கு மேல யாரும் நோண்ட மாட்டாங்க."

அப்படியே சொன்னோம். "கவிச்சி சமைப்பீங்களா?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காத என் மனுஷன், சமைக்க மாட்டோம் என்று தலையாட்டினார் பாருங்கள், அதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. மாடிப் போர்ஷன் கிடைத்தது. மாதா படத்தைப் பீரோவுக்குள் வைத்தோம். சாயங்காலம் பீரோக் கதவைத் திறந்துவைத்து ஜெபமாலை சொல்வோம். படியில் காலடிச் சத்தம் கேட்டால், புடவை எடுப்பதுபோல நான் கையை உள்ளே விடுவேன். சொந்தக் காசில் வாடகை கொடுக்கிற வீட்டில் திருடியைப் போல இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா குடிகாட்டிலிருந்து பஸ் ஏறி வந்தாள். கையில் ஒயர் கூடை, அதற்குள் தூக்கு நிறையச் சங்கரா மீன் குழம்பு. மகளின் முதல் வீட்டுக்கு வெறுங்கையோடு வர அவளுக்கு மனசு வரவில்லை. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா, "கூடையில என்னம்மா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அம்மா ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "ஒண்ணுமில்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழி. பொண்ண ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். மேலே ஏறவே இல்லை. நான் இறங்கி ஓடுவதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டாள். அந்தக் குழம்பை என்ன செய்தாய் என்று பிறகு கேட்டேன். "கொண்டாந்த மாதிரியே திரும்பக் கொண்டுபோனேன். எம்பொண்ணுக்கு வச்சத நான் எதுக்கு ஊருக்குக் குடுக்கணும்?" என்றாள்.

டிசம்பரில் எங்கள் குட்டு உடைந்தது. பூசைக்குப் போகிற பழக்கத்தில், என் வீட்டுக்காரர் சிதம்பரத்து மாதா கோயிலில் எங்கள் முகவரியைக் கொடுத்துவைத்திருக்கிறார். விளக்கேற்றும் நேரத்தில் கேரல் பாட்டுக் குழு வந்து இறங்கியது. டிரம் அடித்து, கிறிஸ்துமஸ் தாத்தா வீட்டுக்கார அம்மாவின் கோலத்தின் மேல் நின்று ஆட, ஒரு பெண் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "லூர்துமேரி அக்கா வீடு இதானே?" என்றாள். மறுநாள் வீட்டுக்கார அம்மா படியேறி வந்தார். "எந்தச் சாமிய கும்பிட்டா எனக்கென்னம்மா? பேர மறைச்சீங்களே, அதான் மனசுக்கு ஒப்பல." பேரைச் சொல்லியிருந்தால் வீடு கொடுத்திருப்பீர்களா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. தை பிறப்பதற்குள் காலி செய்தோம்.

வருஷங்கள் கழித்து அவருடைய வேலை எங்களை இங்கே கொண்டுவந்து போட்டது. கம்பெனி கொடுத்த தற்காலிக அறையிலிருந்து வெளியேறி, நாங்களாகவே பிடித்த முதல் வீடு இது. வீடு பார்க்கப் போன அன்று, இந்த ஊர் வீட்டுக்கார அம்மா சமையலறைக்குக் கூட்டிப்போய் ஜன்னலை அகலத் திறந்தார். காலையும் மாலையும் 'லுஃப்டன்' செய்ய வேண்டும், பனி கொட்டினாலும் ஜன்னலைத் திறந்து காற்று மாற்ற வேண்டும் என்றார். காற்று மாறினால் தொழிற்சாலை நெடி வருமென்று அம்மா ஓடி ஓடி ஜன்னல் சாத்துகிற ஊரில் வளர்ந்தவள் நான். அவர் சமையலறையில் நின்று காற்றைப் பற்றிப் பேசியதும் எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்தது. "நாங்கள் மீன் சமைக்க மாட்டோம். கறியும் கிடையாது" என்று அரைகுறை ஜெர்மனில் அவசரமாகச் சொன்னேன். அந்த அம்மா திகைத்துப்போனார். "ஏன்? உடம்புக்கு ஏதாவதா?" என்றார். பிறகு சுவரைத் தட்டிக் காட்டி, ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும் என்று பொறுமையாக விளக்கினார். வெள்ளிக்கிழமை தன் வீட்டிலும் மீன்தான் என்றார். இறங்கி வரும்போது, "ஏண்டி, கேக்காத கேள்விக்கெல்லாம் எதுக்குடி பதில் சொல்ற?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆனால் அவர் மட்டும் என்ன செய்தார்? மணிக்குப் பக்கத்தில் போட என்ன பெயர் என்று அந்த அம்மா கேட்டபோது, கண் இமைக்காமல் 'ராஜ்' என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். தரகரின் பாடம் கடல் தாண்டியும் மறக்கவில்லை.

அவருக்கு வந்த கடிதங்களில் 'சகாயராஜ்' என்பதன் வாலைப் பார்த்துத் தபால்காரர் எப்படியோ போட்டுவிட்டார். மாட்டிக்கொண்டது அம்மா அனுப்பிய பார்சல். புது வீட்டுக்கென்று பண்ருட்டி முந்திரி வாங்கி, தன் கையால் துணிப்பை தைத்துக் கட்டி, என் பெயருக்கு அனுப்பியிருக்கிறாள். லூர்துமேரி என்று யாரும் இங்கே இல்லை என்று அது திரும்பிப் போய்விட்டது. அம்மா போனில் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அன்னிக்குக் குழம்பு திரும்பி வந்துச்சு. இப்ப இதுவும் வந்துடுச்சு. அவ்ளோ தூரம் போயியும் உன் பேர சொல்லி ஒரு பொட்டலம் வாங்க முடியலையாடி, மேரி?"

போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். மறுநாள் வீட்டுக்கார அம்மாவிடம் போய், பெயரை மாற்ற வேண்டும் என்றேன். எழுதிக் காட்டியதும், இடம் போதாது, சுருக்கலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். எழுத்தைப் பொடியாக்கி இரண்டு வரியில் போட்டுக் கொடுத்தார்: லூர்துமேரி, சகாயராஜ். அக்கம்பக்கத்துப் பெயர்களுக்கு நடுவே எங்களுடையதுதான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

அம்மா அதே முந்திரியை மறுபடி அனுப்பினாள். போன வாரம் மணி அடித்தது. தபால்காரர் பார்சலோடு படியேறிக்கொண்டே, எழுத்துக் கூட்டி, கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி என் பெயரைச் சத்தமாகப் படித்தார். "லூர்... து... மேரி?" இந்த ஊரில் அதைக் கேட்டு முகம் சுளிக்க ஒருவரும் இல்லை, அது எனக்குத் தெரியும். வாங்கிக்கொள்ளத்தான் ஓடினேன். ஆனால் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்று, எதிர்வீட்டுக் கதவு ஏதாவது திறக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் என் கதவைத் திறந்தேன்.