பூந்தமல்லிக்குப் போன உறைந்த சேறு

காலை ஏழே முக்காலுக்கு நானும் என் மருமகள் தேன்மொழியும் அண்ணனூரில் ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்து ஆவடி ரயிலில் ஏறினோம். என் மடியில் தெர்மாகோல் பெட்டி. அதற்குள் ஏரிச் சேறு. மூன்று நாளாக எங்கள் ஃப்ரீசரில் மீனுக்கு இடம் விடாமல் உறைந்து கிடந்தது.

தேன்மொழி பூந்தமல்லிக் கல்லூரி ஒன்றில் தற்காலிக ஆசிரியை. இன்று பத்து மணிக்கு அவள் நடத்தும் பாடத்தைப் பார்த்துத்தான் வேலை நிரந்தரமா இல்லையா என்று முடிவு செய்வார்கள். பாடம் வடதுருவத்து மண்; அதற்கு மாதிரி காட்டத்தான் இந்தச் சேறு. அங்கே நிலம் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்குமாம். எந்தக் காலத்திலோ செத்த செடியும் வேரும் அதற்குள் அழுகாமல் இருக்கிறதாம். உருகினால் கிருமி தின்னும், கரியமில வாயு கிளம்பும், உலகம் இன்னும் சூடாகும். அதனால் வானத்தில் உயரே மெல்லிய தூளைத் தூவி வெயிலைக் கொஞ்சம் மறைக்கலாமா என்று சிலர் யோசிக்கிறார்களாம். ஐந்தாவதோடு நின்ற எனக்குப் புரிந்தது: பூமிக்குக் குடை.

எட்டரைக்கு ஆவடியில் பஸ். பூந்தமல்லிக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம்; பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எல்லோரும் மூட்டை வைக்கும் இடமாயிற்றே என்று, டிரைவர் பக்கத்து என்ஜின் மூடிமேல் பெட்டியை வைத்து, வெயில் படாமல் குடையை விரித்தேன்.

"இன்னா ஆயா, மீனா?" என்றார் டிரைவர்.

"சேறு நைனா."

"சேத்துக்குக் குடையா? எனக்கு யாரு புடிப்பா?"

"உன் பொண்டாட்டியக் கேளு. எனக்கு இதுக்கே கை வலிக்குது."

பருத்திப்பட்டு ஏரி தாண்டியதும் என் கால்மேல் ஏதோ சொட்டியது. தேன்மொழி பெட்டியின் அடியைத் தொட்டு அலறினாள். "அத்தே! கீழ என்ஜின் கொதிக்குது, மேல குடை புடிச்சு என்ன பிரயோஜனம்?"

"மாமியாரு தெரிஞ்சேதான் வெச்சிருக்கும்" என்று பற்ற வைத்தார் டிரைவர்.

பெட்டியை வெடுக்கென்று மடிக்குத் தூக்கினேன். சேற்றில் பாதி கல், பாதி குழம்பு. அவள் கண் கலங்கியது.

"பாதி கெட்டியாத்தாண்டி கீது. பாதி வேலையாவது கேளு."

சிரிப்பை அடக்க அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒன்பதே கால், கரையான்சாவடி. இறங்கும்போது சொன்னாள்: "நீங்க பண்ணதையே பாடமாக்கிடறேன் அத்தே. வெயில மறைச்சுட்டு, கீழ புகைய விட்டுக்கிட்டே இருந்தா, குடைய மடக்குற அன்னைக்கு மொத்தச் சூடும் சேந்து வந்து எறங்கும்."

"என் பேர மட்டும் இழுக்காத."

கல்லூரி கேன்டீனில் பத்து ரூபாய்க்கு ஒரு வடை. எண்ணெய்க்குக் குறைச்சல் இல்லை. பதினொன்றரைக்கு உம்மென்று வந்து நின்றாள்.

"இன்னாடி ஆச்சு?"

"குடை புடிச்சா அந்த மண்ணு உருகாம இருக்குமான்னு பிரின்ஸிபால் கேட்டாரு. உருகறதத் தள்ளிப்போடலாம், ஆனா எவ்வளவு நாளைக்கு, வேற என்னென்ன கெடும்னு யாருக்கும் சரியாத் தெரியாது, எனக்கும் தெரியாதுன்னேன்."

"அய்யோ, தெரியாதுன்னா சொன்ன?"

"அதக் கேட்டப்புறம்தான் அத்தே கையெழுத்துப் போட்டாரு. நிரந்தரம்!"

நல்ல ஊர்தான் பூந்தமல்லி. அண்ணனூரில் நாற்பது வருஷமாக எல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு டீ வாங்கித் தர ஆளில்லை.