சாமான் மாற்றிவைத்த நாட்கள்

என் வீட்டுக்காரருக்குக் கண் ஒரே நாளில் போய்விடவில்லை. அவர் சடக்கு வேலைக்காரர், ரோட்டுக்குத் தார் ஊற்றுகிறவர். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வருகிறது என்று ஒருநாள் சொன்னார். தார்ப் புகை பட்டிருக்கும், கழுவினால் சரியாகிவிடும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டத்துக்காகத் திடலை ஒட்டிய ரோட்டைச் சரி செய்தார்களே, அதுதான் அவருடைய கடைசி வேலை. நாள்கூலிக்காரருக்குப் பென்ஷன் ஏது? மேஸ்திரி வீடு தேடி வந்தார், இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னார், போகும்போது மறக்காமல் அரசாங்கத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வெளியிலிருந்து பார்த்தால் அவர் கண்ணில் ஒரு குறையும் தெரியாது. கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் பளிச்சென்று இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் நான் தலையாட்டினேன் என்று என் அக்காள்மார் இன்றைக்கும் கேலி செய்வார்கள். அந்த அழகுக் கண்தான் பிறகு எங்களுக்கு வினையாக வந்தது.

நாங்கள் காஜா பேராங் என்ற இடத்தில், பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய ஒரு செட்டிக் குடும்பத்து வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். ஓர் அறை, அதை ஒட்டி ஓர் அடுப்படி, வெளியே கிணறு. வீட்டுக்காரம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசி, மலாய்க்காரிகள் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தியிருப்பார். கும்பிடுவது நம்முடைய சாமி, பேசுவது மலாய். நடுநடுவே ஒரு தமிழ் வார்த்தை தலைகாட்டும். அவருக்கும் எனக்கும் பேச்சு பாதியும் சைகை பாதியுமாக ஓடும்.

அந்த அறைக்குள் மட்டும் என் வீட்டுக்காரருக்குக் கண் இருந்தது. அப்படித்தான் சொல்லவேண்டும். தகரப்பெட்டி எங்கே, தண்ணீர் ஜாடி எங்கே, சட்டை மாட்டும் ஆணி எங்கே என்று அவருடைய காலுக்கும் கைக்கும் தெரியும். கிணற்றிலிருந்து தளும்பத் தளும்ப வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஜாடியில் ஊற்றுவார். நான் வேலை முடிந்து வருவதற்குள் கோப்பி கலக்கி வைத்திருப்பார். தெருவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி வருகிற மனிதர், வாசலைத் தாண்டியதும் நிமிர்ந்துவிடுவார்.

நான் தெங்கேராவில் சில வீடுகளுக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஆறு மாதம். குனிந்து துவைக்கிற வேலையை நிறுத்தாவிட்டால் பிள்ளை தங்காது என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு முன்பு ஒன்று தங்காமல் போயிருந்தது. வேலையை விட்டால் அடுப்பு எரியாது, விடாவிட்டால் வயிற்றில் இருப்பது நிற்காது. வெல்ஃபேர் ஆபீசில் கண் தெரியாதவர்களுக்கு மாதாமாதம் உதவிப் பணம் தருகிறார்கள் என்று வீட்டுக்காரம்மாதான் விசாரித்து வந்து சொன்னார்.

போனோம். பெஞ்சில் உட்காரவைத்தார்கள், எழுப்பினார்கள், வேறொரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கடைசியில் ஒரு கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, கூப்பிட்டார். நம் ஆள்தான், தமிழ்தான். அதுவரை எனக்கு நம்பிக்கை இருந்தது. அவர் டாக்டர் கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்னய்யா, கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

"பாக்கறதுக்கு நல்லாருக்குங்க. எனக்குத்தான் ஒன்னும் தெரியல."

"இடது கண்ணுல வெளிச்சம் தெரியுதுன்னு டாக்டர் எழுதியிருக்காரே?"

"பகலா ராவான்னு தெரியுங்க. அவ்ளோதான்."

கிராணி உதட்டைப் பிதுக்கினார். "ஆபீசர் அம்மா வீட்டுக்கு வந்து பாப்பாங்க. எப்பன்னு சொல்ல மாட்டாங்க. சொன்னா நீங்கல்லாம் வேஷம் போட்டுக்கிட்டுல்ல நிப்பீங்க? ஏமாத்தறதுன்னு தெரிஞ்சா, அப்புறம் காலத்துக்கும் கெடைக்காது. கேசும் போடுவாங்க."

கேஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அது கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கப் போட்ட எமர்ஜென்சி இன்னும் நீங்காத காலம். அரசாங்க ஆள் வாசலில் நின்றாலே என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கிற பழக்கம் எங்களுக்கு. போதாக்குறைக்கு, பசார் பக்கத்தில் கால் விளங்காத ஒருவர் இருந்தார். கைத்தடி வாங்க வழியில்லாமல் பழைய சைக்கிளைப் பிடித்துச் சாய்ந்துகொண்டே நடப்பார். சைக்கிள் தள்ளுகிறவனுக்குக் கால் இல்லையா என்று சொல்லி அவருக்கு வந்த பணத்தை நிறுத்திவிட்டதாக எல்லாரும் பேசிக்கொண்டார்கள். உண்மையோ பொய்யோ, வழியெல்லாம் எனக்கு அந்தச் சைக்கிள் ஞாபகமாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். அவர் என் தோளை விட்டார். நேராகப் போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பி ஜாடி மூடியை எடுத்து, டம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் மொண்டு நீட்டினார். தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு அதை, வரப்போகிற ஆபீசர் அம்மாவின் கண்ணால் பார்த்தேன்.

"ஏங்க, அந்தம்மா வர்றப்போ இப்படியெல்லாம் நடக்காதீங்க. கண்ணு தெரியுதுன்னு எழுதிட்டுப் போயிருவாங்க."

"நடிக்கச் சொல்றியா?"

"நடிப்பு என்னங்க நடிப்பு. உங்களுக்குக் கண்ணு தெரியலன்றது நிஜந்தானே."

"எனக்கு வராது புள்ள. கால் தானாப் போவுது. நான் என்ன பண்ணட்டும்?"

டம்ளரைக் கையில் உருட்டினார். பிறகு சொன்னார்: "நீ ஒன்னு செய். சாமானையெல்லாம் எடம் மாத்தி வச்சுரு. எங்க வச்சேன்னு எனக்குச் சொல்லாத. அப்ப நான் தடுமாறுனா அது பொய்யில்லல்ல?"

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் அவர் கிணற்றடியில் குளிக்கும்போது பெட்டியை நகர்த்தினேன், ஜாடியைக் காலி செய்து உருட்டி மறுபக்கம் வைத்தேன், துணிக்கொடியை அவிழ்த்து வேறு மூலையில் கட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாகத்தான் செய்தேன். அவரிடம் உதவி கேட்க முடியாதே. உள்ளே வந்தவர் பெட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! பெட்டிக்குக் கால் மொளச்சிருச்சா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் புது இடங்களையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டார். பொழுது சாயும்போது ஒன்றிலும் இடிக்காமல் நடந்து, கொடியிலிருந்து துண்டை உருவினார். வேறு எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் பெருமைப்பட்டிருப்பாள். எனக்குப் பகீரென்றது. மறுநாள் காலையில் எல்லாவற்றையும் திரும்பவும் மாற்றினேன். அதற்கு மறுநாளும் மாற்றினேன். ஆபீசர் அம்மா வந்தபாடில்லை. நான் மாற்றுவதும் அவர் கற்றுக்கொள்வதுமாக எங்களுக்குள் ஒரு போட்டி போலவே ஆகிவிட்டது.

பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் காலி இடம் என்று நினைத்துக் கையை வைத்தார், அங்கே கொதிக்கிற கெட்டில் இருந்தது. மணிக்கட்டு வெந்துபோனது. அன்றிலிருந்து கிணற்றுக்குப் போக, "புள்ள, கையக் குடு" என்று கேட்க ஆரம்பித்தார். பகலெல்லாம் சுவரில் முதுகைச் சாய்த்துப் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். கற்றுக்கொள்ளவும் முயற்சி எடுக்கவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது, வேறு என்ன சொல்ல. என் காதெல்லாம் சந்திலேதான் இருந்தது. பேச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவின் மணி கேட்டால் எழுந்து எட்டிப் பார்ப்பேன். ரொட்டிக்காரன் சைக்கிள் பெல்லுக்கும் எட்டிப் பார்ப்பேன். வயிற்றில் பிள்ளை புரண்டால்கூட யாரோ கதவைத் தட்டுவது போலத் திடுக்கிடுவேன்.

நான் பெட்டியை இழுப்பதை வீட்டுக்காரம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். "கீலா கா?" என்று கத்தினார், உனக்கென்ன பைத்தியமா என்று. குருட்டு மனுஷன் நடக்கிற இடத்தில் இப்படிச் செய்யலாமா, கெசியான், பாவம் இல்லையா என்று என்னைப் பிடித்து உலுக்கினார். விஷயத்தை எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் உலுக்கிய கையை எடுத்தார். மறுநாளிலிருந்து முன்வாசலில் வெங்காயக் கூடையோடு உட்கார்ந்துகொண்டார். உரிப்பது வெங்காயம், பார்ப்பது தெருமுனை.

அந்த அம்மா வந்த நாள் காலையில் எனக்கு விடியும்போதே இடுப்பில் வலி. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. முதல் பிள்ளை போனபோதும் இப்படித்தான் ஆரம்பித்தது. பயத்தில் நான் எதையும் தொடவில்லை. இத்தனை நாள் வராதவள் இன்றைக்கா வரப்போகிறாள் என்று சுருண்டு படுத்துக்கொண்டேன்.

"டத்தாங்! டியா டத்தாங்!" என்று வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது. வந்துவிட்டாள், வந்துவிட்டாள்.

செராணிக்காரப் பெண்மணி, பறங்கிக் கலப்பு. கவுன் போட்டு, குடையை மடக்கிக்கொண்டு பேச்சாவிலிருந்து இறங்கினார். அதட்டுகிறவர் என்று நினைத்திருந்தேன். மென்மையாக மலாயில் பேசினார். அந்த மென்மை எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. கூரையைப் பார்த்தார், அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். இவரோ, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, அந்த அம்மாவை நேராகப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்தார். கால் சப்பாத்துச் சத்தம் இவருக்குக் கேட்டிருக்கவேண்டும், முகமும் கூடவே திரும்பியது. அந்த அம்மா புருவத்தை உயர்த்தி ஏதோ எழுதிக்கொண்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"உங்கள் ஐ.சி. எங்கே?" என்று மலாயில் அடையாள அட்டையைக் கேட்டார்.

"பெட்டியில் இருக்கிறது, நான் எடுக்கிறேன்" என்று எழுந்தேன். அந்த அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அவரே எடுத்துக் கொடுக்கட்டும்."

பெட்டி நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது. நேற்று இரவு அவர் தட்டுத்தடுமாறித் தேடி அதைக் கண்டுபிடித்து, சட்டை எடுத்திருந்தார். இப்போது எழுந்து நேராகப் போய் மூடியைத் திறக்கப்போகிறார். பணம் போச்சு, பிள்ளை போச்சு, ஜெயில் வேறு. மாரியம்மா, அவரைத் தடுக்கி விழவை என்று வேண்டினேன். புருஷன் விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் எழுந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். தரையை விட்டுக் காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து, பெட்டி இல்லாத சுவரை நோக்கிப் போனார். சுவரைத் தடவினார். ஒன்றும் இல்லை. திரும்பினார், வேகமாக ஓர் எட்டு வைத்தார், ஜாடியில் மோதி அதோடு சேர்ந்து விழுந்தார். அறையெல்லாம் தண்ணீர். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. ஈரத்தில் மண்டியிட்டபடியே பெட்டியைத் தேடித் தரையெல்லாம் துழாவினார். பெட்டி அவருக்குப் பின்னால் இருந்தது.

"சுக்கூப், சுக்கூப்" என்றார் அந்த அம்மா. போதும், போதும். அவரே குனிந்து இவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார். கடிதம் வரும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

பேச்சா மணி தூரமாகப் போனதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நல்லா செஞ்சீங்க போங்க! எனக்கு உசிரே இல்ல. இன்னிக்கு நான் எதையும் மாத்தல, நேராப் போய் எடுத்துருவீங்கன்னு செத்தே போயிட்டேன்."

அவர் சாரோங்கைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்த கை நின்றது.

"மாத்தலயா?"

"இல்லங்க. இடுப்பு வலி."

"பெட்டி நேத்து எடத்துலயா இருக்கு?"

"ஆமாங்க."

"நான் நடிக்கல புள்ள" என்றார்.

கடிதம் வந்தது. பணமும் மாதாமாதம் வந்தது. நான் துணி துவைப்பதை விட்டேன், அந்த வலியும் அடங்கியது, பிள்ளை தங்கியது. சாமான்களையெல்லாம் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். ஒவ்வொன்றின்மேலும் அவர் கையைப் பிடித்து வைத்து, இது பெட்டி, இது ஜாடி, இது ஆணி என்று காட்டினேன். இனிமேல் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். தெரியும், தெரியும் என்று தலையாட்டுவார். எழுந்து நடந்தால் இரண்டு கையும் தானாக முன்னால் நீண்டுவிடும். தெருவில் நடப்பது போலவே வீட்டுக்குள்ளும் காலை இழுத்து இழுத்து நடந்தார். வாளியைத் தூக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. கோப்பி கலக்குவதையும் விட்டுவிட்டார்.

பெண் பிறந்தாள். சுவரோரம் அவரை உட்காரவைத்து மடியில் போட்டால் மணிக்கணக்கில் வைத்திருப்பார். விரலால் தடவித் தடவி, மூக்கு உன் மூக்கு, காது என் காது என்பார். ஒருநாள் நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பசியில் வீறிட்டு அழுதாள். கை விடமுடியாத வேலை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, இந்தா இங்கதானே நிக்கறேன். தூக்கிட்டுத்தான் வாங்களேன்!"

எட்டிப் பார்த்தேன். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் இன்னும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"எப்படி புள்ள வர்றது? நடக்கறதுக்கு ரெண்டு கையும் வேணுமே."

சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு நானே போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.