மூன்றாவது முறை கேட்பார்கள் என்று

வெளிநாட்டில் வேலை பார்த்த அந்த ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருந்த சலவைக்கூடத்தை நினைத்தால் மடிப்புக்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது வெக்கைதான். சுவரோரம் ஆளுயர டிரையர்கள் ஓயாமல் உருண்டுகொண்டிருக்கும். கதவைத் திறந்தால் சூடான துணியின் வாசனை முகத்தில் வந்து அப்பும். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் இந்த நாளிலும், மனைவி இஸ்திரிப் பெட்டியை எடுத்தால் கையிலிருக்கும் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

"கெளம்பிட்டாருய்யா வேலைக்கு!" என்பாள் அவள்.

அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயர் அங்குள்ளவர்கள் வாயில் நுழையாது. படுக்கை விரிப்பை நாலு முனையும் இம்மி பிசகாமல் மடிப்பவர் என்பதால் மடிப்புக்காரர் ஆனார். அவரும் லேசுப்பட்டவரில்லை, மற்றவர்களுக்கு மனசுக்குள் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவள் வெங்கலக்கடை. வேறு தேசத்துக்காரி. மனசில் பட்டது மறுநொடி நாக்கில் வந்து நிற்கும், அதுவும் டிரையர் சத்தத்தை மீறி. துணி வண்டி தள்ளுகிற நெட்டையன் இன்னொரு தேசத்தான். நிலைப்படிக்குக் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவன். மாடியில் இருந்த மேனேஜரம்மா இவர்கள் யாரோடும் சேராத வேறொரு இனம். வார்த்தையை எண்ணி எடுத்து வைப்பவர். நாலு பேரும் சேர்ந்து, யாருக்குமே தாய்மொழியில்லாத ஒரு மொழியைப் போட்டு நொறுக்குவார்கள். அதை நம் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

மடிப்புக்காரரை வளர்த்த அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ரெண்டாம் தடவை சிரித்து வைக்கலாம். மூன்றாம் தடவையும் வற்புறுத்தினால் வாங்கிக்கொள்ளலாம். கேட்டதும் கையை நீட்டினால் "காணாததைக் கண்டவன்" என்று ஊர் சிரிக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜரம்மா "உக்காருங்க" என்றதற்கும் "பரவால்லைங்க" என்றார். அந்தம்மா மறுபடி சொல்லவில்லை. பேச்சு முடியும்வரை கம்பம் மாதிரி நின்றுவிட்டு இறங்கி வந்தார். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய சூப்பர்வைசர் விலகியபோது அந்த இடம் காலியானது. மடிப்புக்காரருக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. நின்று நின்று முழங்கால் தேய்ந்து, மாடிப்படி ஏறினால் உள்ளே மணல் அரைபடுவது போலிருக்கும். சூப்பர்வைசர் வேலையில் பாதி உட்கார்ந்து பார்ப்பது. அதைவிட, இத்தனை வருஷத்துக்கு அப்புறமாவது நாலு பேர் தன்னிடம் வந்து "இதை என்ன செய்யலாம்?" என்று கேட்க வேண்டும் என்ற ஏக்கம். சாப்பாட்டு வேளையில் வெங்கலக்கடையிடம் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

ஒருநாள் காலை மேனேஜரம்மாவே இறங்கி வந்தார்.

"இந்தக் கூடத்தை நீங்க பாத்துக்கறீங்களா?"

மடிப்புக்காரருக்கு நெஞ்சு துள்ளியது. வாய் மட்டும் அம்மா பழக்கிய வாய். "ஐயோ, எனக்கெதுக்குங்க அதெல்லாம். வேற யாராச்சும் பெரிய ஆளாப் பாருங்க."

"சரி. உள்ளதைச் சொன்னதுக்கு நன்றி," என்று அந்தம்மா லிஃப்டில் ஏறிவிட்டார். அவர் இனத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். மறுபடி கேட்பது, அந்த ஆளுடைய வாக்கை மதிக்காததற்குச் சமம்.

அன்று சாயங்காலம் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அவங்க என்ன உங்க சம்பந்தியா? வாசல்ல நின்னு தாங்கு தாங்குன்னு தாங்கறதுக்கு?"

"நாளைக்கு மறுபடி கேப்பாங்கடி."

"கேப்பாங்க கேப்பாங்க. வெத்தல பாக்கோட வருவாங்க, பாத்துக்கிட்டே இருங்க."

அந்த வாரம் முழுக்க லிஃப்ட் மணி அடிக்கும்போதெல்லாம் அவர் கழுத்து திரும்பியது. கேட்கத்தான் யாரும் வரவில்லை. கடைசியில் வந்து நின்றது நெட்டையன்.

"அண்ணே, மேல கூப்பிட்டு என்னைய சூப்பர்வைசரா இருக்கச் சொல்றாங்க. நாளைக்குச் சொல்றேன்னுட்டு வந்துட்டேன். மூத்தவர் ஒருத்தர் இருக்கும்போது அவரைக் கேக்காம அந்த நாற்காலியில உக்காந்தா, எங்க ஆளுங்க என்னை வீட்டுக்குள்ளயே சேக்க மாட்டாங்க. நீங்க வேணாம்னு சொன்னீங்களாமே, நெசமா?"

விழுந்த பழம் மறுபடி கைக்கே வந்திருக்கிறது. கையை மூடினால் போதும். மடிப்புக்காரர் வாயைத் திறந்தார்.

"எனக்கெதுக்குப்பா? நீயே இரு."

நெட்டையன் கும்பிடாத குறையாக நன்றி சொல்லித் திரும்பினான். அதற்குள் விரிப்பின் மறுமுனை தரையில் விழுந்தது.

"பொய்!" என்று கத்தினாள் வெங்கலக்கடை. "அத்தனையும் பொய்! இவருக்கு வேணும். தெனமும் சாப்பாட்டு நேரத்துல என் காதைத் தின்னுட்டு, இப்ப எனக்கெதுக்காம்!"

கூடமே திரும்பிப் பார்த்தது. சிநேகிதன் மென்று முழுங்கும்போது அவனுக்காக ஊரறியச் சொல்வதுதான் அவள் மக்களிடம் பாசம். மடிப்புக்காரருக்கோ நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது.

"உன்னை யாரு கேட்டா? வாயை வாடகைக்கு விட்டிருக்கியா?" என்று சீறினார்.

அவள் முகம் வாடிவிட்டது. நெட்டையன் வண்டியைவிட்டு வந்து எதிரே நின்றான். "அண்ணே, எனக்கும் ஆசைதான், இல்லைங்கல. உங்களுக்கு வேணும்னா நான் தள்ளிக்கறேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

தரையில் கிடந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டே மடிப்புக்காரர், "வேணும்," என்றார்.

நெட்டையன் மேலே போய்ச் சொன்னான். போன வேகத்தில் திரும்பினான். "ஒருத்தருக்காக இன்னொருத்தர் கேக்கறது இங்க செல்லாதாம். அவர் வாயால சொல்லட்டும்கிறாங்க."

அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் மக்கர் பண்ணியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவர் மக்களில், மேலே இருப்பவரிடம் போய் எனக்கு இது வேண்டும் என்று கேட்டவன் தலை நிமிர முடியாது. அந்தத் தலையைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போனார்.

"சொல்லுங்க," என்றார் மேனேஜரம்மா.

"அதாவது... அன்னிக்கு நீங்க கேட்டப்போ... எங்க வழக்கத்துல..." வழக்கத்தை விளக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் போலிருந்தது. "அந்த வேலை எனக்கு வேணும். நல்லாப் பாத்துக்குவேன்."

"சரி. திங்கக்கிழமையிலேருந்து நீங்கதான்."

அவ்வளவேதான். இன்னும் ஏதாவது சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அந்தம்மா அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

கீழே வெங்கலக்கடை பேசவில்லை. விரிப்பைப் பிடித்தாள், இழுத்தாள், மடித்தாள், முகம் மட்டும் கொடுக்கவில்லை. அவள் வாய் மூடிவிட்டால் அந்தக் கூடம் எழவு வீடு. மடிப்புக்காரர் நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வழக்கத்தில் நெருங்கியவர்களுக்கு நன்றி சொன்னால், நீ வேற்றாள் என்று தள்ளி வைத்த மாதிரி. அதனால் வீட்டிலிருந்து பழம் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தார். "வேணாம்," என்றாள். அவள் வேணாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் நாற்காலியைச் சும்மா விட்டுவிட்டு, மடிக்கிற மேசைக்கு வந்து விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தார்.

"நன்றிம்மா," என்றார், துணியைப் பார்த்து.

"கேக்கல. டிரையர் ஓடுது."

"நன்றி!"

"சரி, அது வேலைக்கு. என்னைத் திட்டினதுக்கு?"

"அதுக்கும்தான்."

"அதுக்கும்தான்னா எதுக்கு? முழுசாச் சொல்லுங்க."

மடிப்புக்காரர் மூச்சை இழுத்து, டிரையர் சத்தத்துக்குப் போட்டியாக, "நான் உன்னைத் திட்டினது தப்பு!" என்று கத்திய அந்த நேரம் பார்த்து எல்லா டிரையரும் ஓய்ந்து நின்றன. அவர் குரல் மட்டும் சுவரெல்லாம் மோதிவிட்டு வந்தது. முதலில் சிரித்தது நெட்டையன். அப்புறம் வெங்கலக்கடை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. கடைசியில் அவரும்.

"இப்ப கேட்டுச்சு," என்று அவள் மறுமுனையை இழுத்துப் பிடித்தாள்.