விலகி விழுந்த சிவப்பு

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் நான் இன்ஜினியர். பட்டாசுப் பெட்டி லேபிளில் முதல் நாள் மஞ்சளும் நீலமும் அடிப்போம். மறுநாள் அதே தாளில் சிவப்பும் கறுப்பும். சீசன் உச்சத்தில் இருந்தபோது சிவப்பு இடம் விலகி விழத் தொடங்கியது. லேபிளுக்காக நாரணாபுரத்தில் ஒரு லோடு பட்டாசு காத்துக்கிடந்தது. மெஷினை இரண்டு முறை பிரித்துப் பூட்டினேன். கோளாறே இல்லை. அப்படியானால் ஆளிடம்தான் கோளாறு என்று முடிவுகட்டி, மெஷினை ஓட்டும் கருப்பசாமி அண்ணனை எல்லார் முன்னாலும் ஏசிவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

தாள் எண்ணும் செல்வியக்காதான் கேட்டார்: "எல்லாத் தாளும் விலகுதான்னு பாத்தீகளா சார்? செவரோரம் வச்ச அடுக்கு சரியாத்தான் விழுது. இங்கன வச்சதுதான் வீணாப் போகுது."

நான் பார்க்கவே இல்லை. நல்ல தாள் ஒன்றின்மேல் கெட்ட தாள் ஒன்றை ஓரம் சேர்த்து வைத்தேன். கெட்ட தாள் நூலளவு நீண்டிருந்தது. ஈரம் குடித்தால் தாள் நீளும், அதிலுள்ள படமும் நகரும். பிறகு சிவப்பு எப்படிப் பொருந்தும்? ஆனால் ஈரம் எங்கிருந்து வந்தது? நிமிர்ந்தேன். போன வாரம் வெயில் தாங்காமல் என் மேசையருகே நானே வாங்கி வைத்த ஏர்கூலர், அந்த அடுக்கின்மேல் ஈரக்காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அதை நிறுத்தினேன். "கண்டுபிடிச்சிட்டேன்ணே" என்று கத்தினேன். அப்புறம்தான் குரல் இறங்கியது. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.

கருப்பசாமி அண்ணன் கூலரைப் பார்த்தார். "இனி நீங்களும் எங்களோட வேர்த்துக்கிட்டே வேல பாருங்க சார்" என்றார்.

இப்போது எது கெட்டாலும் நல்லதையும் கெட்டதையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். யாரையும் ஏசுவதற்கு முன் என் மேசைப் பக்கமும் ஒரு தரம் திரும்பிக்கொள்கிறேன்.