வஞ்சிரம் தின்ற வேர்க்கடலை

சிலுவையம்மாளின் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், என்றோ ஒருநாள் அவளிடம் ஏமாந்தவர்கள். ராயபுரம் கடற்கரையில் மீன் நறுக்கிய அவள் கை ஓய்ந்தாலும் குறும்பு ஓயாது. வெள்ளத்துரை ஏமாந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில்.

அவன் தூத்துக்குடிப் பக்கத்து மளிகைக்கடைக்காரரின் மகன். மீன் ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்றில் தற்காலிக வேலை. வஞ்சிரம் எதைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சிலுவையம்மாள் காக்கைக்கு வீசும் இரைப்பைகளைக் கண்ணாடி ஜாடியில் வாங்கிப் போவான். உள்ளே நெத்திலி, கவலை மீன், எப்போதாவது கடம்பா என்கிற கணவாயின் குஞ்சு ஒன்று. இருபது வருஷமாக அவள் பார்ப்பதும் அதைத்தான். இதற்கு ஓர் ஆபீஸா என்று அவளுக்குச் சிரிப்பு.

ஒருநாள் கை சும்மா இருக்கவில்லை. கொறித்துக்கொண்டிருந்த அவித்த வேர்க்கடலையில் நாலைந்தை ஓர் இரைப்பைக்குள் தள்ளி ஜாடியில் போட்டாள். பக்கத்துக் கூடைக்காரி பூவம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வாரமும் போட்டாள். அவன் ஒன்றும் கேட்காதது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

பங்குனியில் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்குப் பெரிய அதிகாரிகிட்ட அறிக்கை கொடுக்கேன். வஞ்சிரம் வேர்க்கடலை திங்குதுன்னு மொதல்ல கண்டுபிடிச்சது நான்தான். வேலை நிரந்தரமாயிரும்!"

கத்தி பாதி மீனில் நின்றது. பின்னால் உண்மை வெளிவந்தால் அவனுக்கு இருக்கிற வேலையும் போய்விடும்.

"நைனா, அத்த நான்தான் போட்டேன்."

"போங்கக்கா, ஒங்க கேலிக்கு வேற ஆளப் பாருங்க."

மறுநாள் டிராம் ஏறி ஆபீசுக்கே போனாள். பெரிய அதிகாரி அறிக்கையின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'அருமை' என்று எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளத்துரை கைகட்டி நின்றிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டு அதிகாரி புன்னகை செய்தார்.

"துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக வேர்க்கடலை ஏற்றுகிறார்கள். சிந்தாதா? சிந்தினால் மீன் தின்னாதா? பையன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். நீ போம்மா."

"ஐயா, கப்பல்ல போறது பச்சக் கடலை. இது உப்புப் போட்டு அவிச்சது. வஞ்சிரம் இன்னா, கடலுக்குள்ள அடுப்பு பத்த வச்சிகினு கீதா?"

அதிகாரி மேசை மேலிருந்த ஜாடியிலிருந்து ஒரு கடலையை எடுத்து அழுத்தினார். மாவாய் நசுங்கியது. கடலையைப் பார்த்தார். தான் எழுதிய 'அருமை'யைப் பார்த்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நெத்திலி, கவலை, கடம்பா. இவ்வளவு போதும். இந்தக் கடலை விஷயம் இந்த அறையோடு போகட்டும். தம்பி, உன் வேலைக்கு நான் எழுதிவிடுகிறேன். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிடுவேன்."

அன்றைய இரைப்பைகளை வாங்க அவளோடு டிராம் ஏறிய வெள்ளத்துரை பிராட்வே வரைக்கும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டான்.

"வேற ஏதாச்சும் போட்டீங்களா?"

சிலுவையம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கார்த்திகையில ஒரு சிப்பிப் பொத்தான், சட்டையில தைக்கிறது. முழுசு இல்ல நைனா, ஒடஞ்சதுதான்."

"அடப்பாவி அக்கா! சிப்பியும் திங்கும்னு ஏழாம் பக்கத்துல எழுதியிருக்கேனே!"

ஓடும் டிராமிலிருந்து குதித்து ஆபீசை நோக்கி ஓடினான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள்:

"ஓடு நைனா! அவரு சாப்புடப் போற நேரம்தான், பேஜாரு ஆவறதுக்குள்ள அத்தயும் கிழிச்சிடு!"