நீட்டியா, மடித்தா

"கை எப்பிடி நிக்க வேணும் எண்டு நாளைக்குக் காலமை சொல்லும்," என்றார் டொக்டர் தில்லைநாதன். "நீட்டியா, மடிச்சா? ஒருக்கா ஒட்டினால் பிறகு மாத்த ஏலாது."

எமிலியானுஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி தன் வலது முழங்கையைப் பார்த்தான். தலைமன்னார் இறங்குதுறையில் பதினான்கு வருடமாகப் பயணிகளின் பெட்டி தூக்கும் நாட்டாமை அவன். மூன்று வாரத்துக்கு முன் கப்பல் படியில் ஒரு டிரங்குப் பெட்டி சரிந்து, கம்பிக்கும் தனக்கும் நடுவே அந்த முழங்கையை வைத்து நெரித்தது. விரல்கள் அசைந்தன. விரல் அசைந்தால் எலும்புக்கு ஒன்றுமில்லை என்று துறையில் எல்லோரும் நம்புவார்கள், அவனும் நம்பினான். சுளுக்கு என்று ஒன்பது நாள் சூடான நல்லெண்ணெய் போட்டு உருவுவித்தான். உருவ உருவ உள்ளே உடைந்திருந்த துண்டுகள் ஒன்றையொன்று அரைத்தன. பிறகு சீழ் வைத்தது.

டொக்டர் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். "தோள்மூட்டு எல்லாப் பக்கமும் சுழலும், அதாலதான் லேசாக் கழலும். முழங்கை கதவுப் பிணைச்சல் மாதிரி. ஒரு போக்கில மட்டும் மடங்கும், அதால உறுதி. உம்முடைய பிணைச்சல் தூளாப் போச்சு. சும்மா விட்டால் கை தொங்கும், நோகும். எலும்போட எலும்பை ஒட்டவிட்டால் நோகாது, பாரமும் தாங்கும். ஆனால் அசையாது."

நல்ல மூட்டு உறுதியையும் அசைவையும் ஒருசேர வைத்துக்கொண்டு, அப்படி வைத்திருப்பதே தெரியாமல் வேலை செய்கிறது. அது கெட்ட பிறகுதான் இரண்டில் ஒன்றைக் கேட்கும் உரிமை மனிதனுக்குக் கிடைக்கிறது. அதை உரிமை என்று சொல்வதே கஷ்டம்.

அடுத்த கட்டிலில் கால் முறிந்து கிடந்த எருக்கலம்பிட்டி சாஹுல் ஹமீட் சிரித்தார். "மடிச்சு வச்சா காணுற ஆக்களுக்கெல்லாம் சலாம் சொல்லுற மாதிரி இருக்கும். நீட்டி வச்சா வாற பஸ்ஸெல்லாம் நிப்பாட்டுவாங்க. எது வசதியெண்டு பாருங்க தம்பி."

எமிலியானுஸும் சிரித்தான். பின்னேரம் மனைவி செலீனா வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"மடிச்சு வையுங்கோ," என்றாள் அவள். "சோறு வாய்க்குப் போக வேணும். நெத்தியில சிலுவை போட வேணும்."

"மடிச்ச கையில பெட்டி தொங்குமோடி? வில்லை ஆர் தருவினம்?"

சட்டையில் பித்தளை வில்லை குத்தாதவன் துறைக்குள் கால் வைக்க முடியாது. ஒவ்வொரு தை மாதமும் மேற்பார்வையாளர் நாட்டாமைகளை வரிசையில் விட்டு, இரண்டு கையிலும் ஒவ்வொரு பெட்டியோடு துறையின் நீளத்துக்கு நடக்கச் சொல்லி, நடந்து முடித்தவனுக்கே அதைக் கொடுப்பார்.

"அப்ப இடக்கையாலயோ சாப்பிடப் போறியள்? சனத்துக்கு முன்னால?"

"நீ தீத்து."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வாயில் ஊட்டித் தீத்துவது பிள்ளைகளுக்கும் சாகக் கிடப்பவர்களுக்கும். "நான் செத்தால்?" என்று மெல்லக் கேட்டாள்.

"நீ ஏனடி சாகிறாய்? விசர்க்கதை கதையாத."

காலையில் நீட்டி வைக்கச் சொன்னான்.

அடுத்த தையில் இரண்டு பெட்டியோடும் நடந்து காட்டினான். வலது கை கம்பிபோல் நின்றது. பெட்டி ஆடக்கூட இல்லை. வில்லை கிடைத்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட சனங்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கிய காலம் அது. பெட்டிக்குக் குறைவில்லை. கொளுவி கழன்ற தகரப் பெட்டிகள், கயிறு கட்டிய மூட்டைகள். அழுதுகொண்டு வந்தவர்களின் சாமான்களை அவன் அழாமல் தூக்கினான்.

மத்தியானம் மற்றவர்கள் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது, "காலமை வயிறு முட்டச் சாப்பிட்டிட்டன்," என்று எழும்பிப் போவான். வீட்டில் கதவைச் சாத்திவிட்டு செலீனா தீத்துவாள். கலியாண வீடுகளுக்கு அவன் போவதில்லை. பூசையில் மட்டும், எல்லோரும் சுவாமியாருக்கு முன்னால் வாயைத் திறந்து நன்மை அப்பம் வாங்கும் அந்தக் கொஞ்ச நேரம், அவன் ஊரில் எல்லோரையும் போல இருந்தான். ஏழு வருடம் அப்படிப் போனது.

எழுபத்தாறாம் ஆண்டு மாரியில் செலீனாவுக்குக் காய்ச்சல் கண்டது. கடைசி இரண்டு நாளும் அவளுக்கு அவன்தான் கஞ்சி தீத்தினான், இடக்கையால். அவள் மறுக்கவில்லை. அரைக் கோப்பைக்கு மேல் இறங்கவுமில்லை.

அடக்கம் முடிந்து மூன்று நாள் அவன் தேத்தண்ணீரோடு கிடந்தான். அயலட்டையில் சோறு கொண்டுவந்தவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள். ஆளில்லாத வீட்டிலும் அவனால் இடக்கையைச் சோற்றில் வைக்க முடியவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போனான். கப்பல் படியில் ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, பெட்டியோடு முழங்காலில் விழுந்தான். கூட வேலை செய்யும் பஸ்ரியன் ஓடிவந்து பெட்டியை வாங்கினான்.

"கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள், அண்ணே?"

பஸ்ரியன் அவனைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்த் தன் பார்சலை அவிழ்த்து முன்னால் வைத்தான். பிறகு சோற்றைக் குழைத்து ஒரு பிடி உருட்டி எடுத்தான்.

"வேண்டாம்," என்றான் எமிலியானுஸ்.

வலது கையைப் பக்கத்தில் பலகைமேல் நீட்டி வைத்தான். அதற்கு வேறு இடமில்லை. இடது கையால் சோற்றைத் தொட்டான். கொட்டகையில் இருந்த நாட்டாமைகள் ஒன்பது பேரும் கதையை நிறுத்தினார்கள். ஒருவன் கடலைப் பார்த்தான், ஒருவன் தன் பீடியைப் பார்த்தான். பஸ்ரியன் மட்டும் முன்னால் குந்தியிருந்து, "மீன்ல முள்ளிருக்கு, பாத்து," என்றான்.

எமிலியானுஸ் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டான். ருசி தெரியவில்லை.