ஆற்றிலிருந்து மேலேறும் கணக்கு

பள்ளிபாளையத்தில் ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு தெருவுக்கு மழைநீர்க் குழாய் பதிக்க எங்கள் அலுவலகம் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தது. படிப்பை முடித்து நான் அங்கே சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. குழாயின் அகலம், சரிவு, மழையின் அளவு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஏற்றி முடித்தால், ஒவ்வொரு மேன்ஹோலிலும் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று மென்பொருள் ஒரு நீலக் கோடு போட்டுக் காட்டும். கோடு ரோட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. மேலே போனால் மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் தெருவுக்கு வரும்.

மேன்ஹோல் இடங்களைச் சரிபார்க்கப் போனபோதுதான் அந்த அக்காவைப் பார்த்தேன். தெருவின் தாழ்ந்த முனையில் ஆறு விசைத்தறிகள் வைத்து ஓட்டுகிறார். பட்டறைத் தரை வெடித்துப்போனதால், தறிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தளம் போடத் தயாராக இருந்தார். தரையை உயர்த்தலாமா என்று அவருக்கு யோசனை. உயர்த்தினால் தகரக் கூரை தலையில் இடிக்கும். உயர்த்தாமல் விட்டுத் தண்ணீர் வந்தால் மோட்டார் போய்விடும்.

நான் போனில் நீலக் கோட்டைக் காட்டினேன். எவ்வளவு மழை பெய்தாலும் ரோட்டுக்கு ஒன்றரை அடி கீழேதான் தண்ணீர் நிற்கும், உயர்த்த வேண்டியதில்லை என்றேன்.

“போல்ட்டுப் போட்டுத் தறிய எறக்கிட்டா அப்பறம் அசைக்க முடியாதுங்க அம்மணி. நல்லாப் பாத்துச் சொல்லோணும்.”

“பாத்துத்தானுங்க அக்கா சொல்றேன்.”

வியாழக்கிழமை கான்கிரீட் என்று முடிவு செய்துவிட்டார்.

எனக்கு ஒரு பழக்கம்: எதையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. புதன்கிழமை மதியம் அந்த நீலக் கோட்டுக்காக மென்பொருள் போட்டிருந்த அட்டவணையை வரி வரியாகப் படித்தபோது ஒன்று உறுத்தியது. தண்ணீர் மேட்டிலிருந்து ஆற்றுக்குப் போகிறது. அட்டவணையோ ஆற்றில் ஆரம்பித்து மேட்டில் முடிந்தது. ஏன் தலைகீழாக இருக்கிறது?

ஒரு தாளை எடுத்து அதே கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தேன். குழாயின் கடைசி வாயில் தண்ணீர் நிற்கும் உயரத்தை முதலில் எழுத வேண்டும். குழாய் நிரம்பி ஓடும்போது அதன் சுவர் உராய்ந்து கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும். அதை ஈடுகட்ட மேல் முனையில் தண்ணீர் அந்த அளவுக்கு உயர்ந்து நிற்க வேண்டும், அதைக் கூட்டு. மேன்ஹோலில் சுழன்று திரும்புவதற்கும் ஒரு துளி உயரம் செலவாகும், அதையும் கூட்டு. வந்த உயரம்தான் அடுத்த குழாய்க்கு ஆரம்பம். இப்படியே படியேறுவதுபோல் மேலே போய்க்கொண்டே இருக்கலாம். அடேயப்பா, இவ்வளவுதானா என்று இருந்தது. கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மேலே எதையும் சொல்ல முடியாது.

அப்படியென்றால் முதல் எண் எங்கிருந்து வந்தது? நான் கொடுத்ததாக நினைவில்லை. தேடிப் பார்த்தேன். கடைசி வாய்க்கான கட்டத்தில் மென்பொருள் தானாக வைத்திருந்த ‘தடையின்றி விழுகிறது’ என்பதை அப்படியே விட்டிருந்தேன். சர்வே எடுத்தது சித்திரையில். ஆறு வெகு கீழே கிடந்தது. குழாய்த் தண்ணீர் அந்தரத்தில் விழும் என்று மென்பொருளும் நம்பிவிட்டது.

நான் இதே ஆற்றங்கரையில் கீழே இருக்கும் பரமத்தி வேலூர்க்காரி. ஆடி பதினெட்டு தவறாமல் படித்துறையில் இறங்கிக் காப்பரிசி வைத்துக் கும்பிட்டவள். மேட்டூரில் திறந்துவிட்டால், எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாமலேயே படிகள் ஒவ்வொன்றாக மறைவதை எண்ணி விளையாடியிருக்கிறேன். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும் அது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

சர்வே எடுத்தவரிடம் கேட்டு, பள்ளிபாளையம் படித்துறைச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன கறையின் உயரத்தை வாங்கி அந்தக் கட்டத்தில் போட்டேன். குழாயின் வாய் ஆற்றுக்குள் மூழ்கியது. நீலக் கோடு சரசரவென்று ஏறி, அக்கா வாசல் மேன்ஹோலில் மூடிக்கு மேல் ஒரு சாண் நின்றது.

எங்கள் இன்ஜினியர் அதைப் பார்த்துவிட்டு, குழாயின் வாயில், ஆற்றுத் தண்ணீர் உள்ளே ஏறாமல் தடுக்கும் ஒருவழிக் கதவு வைத்துப் பார்க்கலாம் என்றார். கதவு மூடியிருக்கும்போது தெரு மழை எங்கே போகும் என்று கேட்டேன். அதையும் நீயே போட்டுப் பார் என்றார். அதற்குப் பல நாள் ஆகும். கான்கிரீட்டோ விடிந்தால்.

வியாழன் காலை நான் போய் இறங்கியபோது கலவை மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. கொத்தனாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நான் சொன்னது தப்பு என்று அக்காவிடம் சொன்னேன். சித்திரை ஆற்றை வைத்துக் கணக்குப் போட்டதையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை.

“ஏனுங்க அம்மணி, கம்ப்யூட்டருக்கு ஆடி பதினெட்டுத் தெரியாதுங்களா?”

“நாந்தானுங்க அக்கா சொல்லோணும். சொல்லாம உட்டுட்டேன்.”

மெஷினை நிறுத்தச் சொன்னார். கலந்திருந்ததை வாசல் படிக்குக் கொட்டச் சொல்லிவிட்டு, இப்போது எவ்வளவு என்று கேட்டார். சுவரில், ரோட்டு மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். இரண்டு செங்கல்லை அடுக்கி அதன்மேல் ஏறி நின்று கூரையைத் தொட்டுப் பார்த்தார். தறி ஓட்டும் நெட்டையான அண்ணனைக் கூப்பிட்டு, இனிமேல் குனிந்துதான் ஓட்ட வேண்டும் என்றார். குனிந்தால் முதுகு போய்விடும், கூரையைத் தூக்குங்கள் என்றார் அவர்.

அக்கா சாக்பீஸை என்னிடமிருந்து வாங்கி, என் கோட்டுக்கு மேல் ஒரு செங்கல் உயரம் விட்டு இன்னொரு கோடு போட்டார்.

“அது உங்க கணக்குக்கு. இது எனக்கு” என்றார். பிறகு கொத்தனாரிடம் திரும்பி, தரையை உயர்த்த மண் அடிக்க ட்ராக்டருக்குச் சொல்லச் சொன்னார்.